என் கண் பட்டு வளர்ந்த தேரி

“நீங்க மூணு நாளா மொட்டமாடிக்கு வரலியேக்கா, எங்க தேரி நின்ன எடத்துலயே நிக்குது, நீங்க பாட்டுக்குப் பாக்காம இருந்தா நாங்க என்ன செய்யதுக்கு?” இதுதான் ஜெயசீலி என் அடுக்களை வாசலில் நின்று சொன்ன குறை, ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த கையோடு எழுந்து, உன் நிலத்தைப் பார்த்து வயிறெரிகிறதுதான் எனக்கு வேலையா என்று நான் கேட்டதற்கு அவள் கோபப்படவில்லை. அவளுக்குக் கோபம் வராது, அவளிடம் எனக்குப் பிடிக்காதவற்றில் அதுதான் முதலாவது. கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை அம்மிமேல் வைத்துவிட்டு, சோலி இல்லாத நேரம் ஒரு பார்வை பார்த்தால் போதும், திங்கட்கிழமை அளக்க வருகிறார்கள், அதற்குள் முடிந்தால் நல்லது, அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பால்காரரிடம் அரை லிட்டர் கூடக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மூன்று நாளாக மாடி ஏறாததற்குக் காரணம் மூட்டுவலி இல்லை. இனி அவளுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இலவசமாக வளர்த்துக் கொடுப்பதில்லை என்று புதன்கிழமை காலையில் நான் எடுத்த முடிவுதான்.

ஜெயசீலி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் அலோசியஸுக்கு ஒரே தம்பி பெனடிக்ட்; அவன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது; போகும்போது இவளையும், ஒரு பெண்பிள்ளையையும், ஒன்பது ஆடுகளையும், எங்கள் தொம்மைவிளைக்கு மேற்கே கிடக்கிற தேரியில் ஒரு பங்கையும் விட்டுப்போனான். தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மிளகாய்ப்பொடியை மலை மலையாகக் கொட்டிவைத்தது போன்ற சிவப்பு மணல், நடந்தால் கணுக்கால் வரை உள்ளே வாங்கும், ஆடிக்காற்று அடித்தால் நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம், பள்ளமாக இருந்தது மேடு, மழை பெய்தால் பெய்த இடம் தெரியாது, உடைமரமும் முந்திரி காய்க்கிற கொல்லாமரமும் கொஞ்சம் பனையும் தவிர எதையும் அது விட்டுவைக்காது. எல்லைக்கு நடுகிற கல்லைக்கூட மணல் மூடிவிடுவதால், எங்கள் ஊரில் சர்வேயர் என்றால் கையில் சங்கிலியோடு ஒரு நீளமான இரும்புக் கம்பியும் கொண்டுவர வேண்டும்; மணலைக் குத்திக்கொண்டே நடப்பார்; டொக்கென்று சத்தம் கேட்டால் அங்கே ஒருவருடைய நிலம் முடிகிறது, கேட்காவிட்டால் இன்னும் நடக்க வேண்டும்.

என் மாமனார் இறந்து அண்ணன் தம்பி பங்கு பிரித்தபோது பத்திரத்துக்கு நகல் எழுதியது நான்தான். அந்த வீட்டில் வேறு யாருக்கு எழுத வரும்? தூத்துக்குடியில் கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான், என் எழுத்து அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும், மதர் சுப்பீரியரே அதை மற்றப் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறார். கிணறும் வாழைத்தோட்டமும் மூத்தவருக்கு, தேரியில் நான்கு கல்லுக்கு உட்பட்ட ஒன்றரை ஏக்கர் மூத்தவருக்கு, என்று எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் உலை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. தேரியின் மற்ற பாகத்துக்கு எல்லை சொல்லி, அடி சொல்லி, மரம் சொல்லி எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? “தேரியில் மீதி எது உண்டோ அது இளையவருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு சோறு வடிக்கப் போனேன். அந்த மீதி அன்றைக்கு ஆறு ஏக்கர். இளையவரும் அவர் மனைவியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கப்புறம் இருபது வருஷம் எனக்கு ஜெயசீலிமேல் ஒரு குறையும் கிடையாது. அவள் ஆடு மேய்த்தாள், கொல்லாங்கொட்டை பொறுக்கி விற்றாள், பிள்ளையை வளர்த்து உடன்குடியில் கட்டிக்கொடுத்தாள்; கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நான் கட்டி முடித்த சேலைகளில் நல்லதாகப் பார்த்து இரண்டு கொடுத்தேன்; நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம். ஊரே எங்களைக் காட்டிப் பேசும்.

பிறகு வெள்ளைக் கார்கள் வந்தன. புரோக்கர் லிங்கத்துரை ஒரு வழவழப்பான ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் வாசித்துச் சொல்லும்படி என்னிடம்தான் கொடுத்தான். சூரியஒளியில் கரண்ட் எடுக்கிற கம்பெனிக்காக, சென்னையிலும் பம்பாயிலும் இருந்து பணம் போடுகிறவர்களுக்காக அச்சடித்த புத்தகம் அது. எங்கள் தேரியில் நிலம் வாங்கினால் என்னென்ன நன்மை என்று ஒவ்வொன்றாக இருந்தது: வருஷத்தில் முக்கால்வாசி நாள் மேகம் கிடையாது, நாலு மாதம் விடாத காற்று, பக்கத்திலேயே துறைமுகம், கல் இல்லை, பாறை இல்லை, தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாததால் விவசாயம் இல்லை, விவசாயம் இல்லாததால் ஆட்சேபணை சொல்ல ஆள் இல்லை, மக்கள் நடமாட்டம் அறவே இல்லை. இதை நான் நூற்று நாற்பது பேருக்கு உரக்க வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களிடம் எது எது இல்லை என்று இத்தனை காலம் பெண் கொடுக்க மாட்டேன் என்றார்களோ, அதது எல்லாம் படத்தோடு, கலரில், பெருமையாக எழுதியிருந்தது. பின்னால் நின்ற ஒரு பெரியவர் அந்தத் தண்ணீர் இல்லாத இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கம்பெனி முதலில் கேட்டது ஜெயசீலியின் பங்கை, கையோடு அட்வான்ஸும் கொடுத்தது. சர்வேயர் மாசானமுத்து வந்து கம்பியால் குத்தி அளந்தபோது ஆறு ஏக்கர் பதினோரு சென்ட் இருந்தது. மறுவாரம் ஆறு ஏக்கர் நாற்பது. அவர் சங்கிலியை மாற்றினார், பிறகு மூக்குக்கண்ணாடியை மாற்றினார், பிறகு இரண்டு நாள் லீவு போட்டுத் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து அளந்தார், ஏழு ஏக்கர் தாண்டியிருந்தது. பக்கத்து நிலக்காரர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தங்கள் நிலத்தை அளக்கச் சொன்னார்கள். யாருக்கும் ஒரு சாண் குறையவில்லை. எல்லாக் கல்லும் இருந்த இடத்தில் இருந்தது. அவள் கல் மட்டும் தள்ளிப் போயிருந்தது. பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த கிராம நிர்வாக அலுவலர், மீதி எது உண்டோ அது என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியிருப்பதால் இதில் வில்லங்கம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

இது எதனால் என்று கண்டுபிடித்தது லிங்கத்துரைதான். புரோக்கர் வேலை பார்க்கிறவனுக்கு அந்த மூளை இருக்கும். நான் மாடியில் வற்றல் காயப்போடுகிற நாளெல்லாம் தேரி கூடுகிறது; என் மகள் பிரசவத்துக்காக நான் சென்னையில் இருந்த இருபது நாளும் அது அசையவில்லை; திரும்பி வந்து, வாசலில் சாக்கு கட்டியிருந்த இடத்தில் ஜெயசீலி பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கேட் போட்டிருப்பதை நான் மாடியில் நின்று பார்த்த அன்று மத்தியானம் மட்டும் முப்பது சென்ட். எல்லையில் நின்ற கொல்லாமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு கிடா அன்று ஓடி வந்தது. உண்மையில் ஓடியது கிடா இல்லை, மரம்தான் விலகிப் போனது. லிங்கத்துரை எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், மாதா கெபி முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, “பெரியம்மா, ஒங்க கண்ணு லேசுப்பட்ட கண்ணு இல்ல” என்றான். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுப் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்தபின் ஊர் ஒரு வாரத்தில் மாறியது. இத்தனை காலமும் யார் கண்ணும் படக்கூடாது என்று சோற்றையே கதவைச் சாத்திக்கொண்டு தின்ற ஜனங்கள், தேரியில் பங்கு உள்ளவன் இல்லாதவன் என்று இரண்டாகப் பிரிந்து, உள்ளவன் இல்லாதவனைத் தேடிப்போய் வெற்றிலைபாக்கு வைத்தான். வாசலில் தொங்கிய பூசணிக்காயும் கோரப்பல் பொம்மையும் இறங்கின. ஒரு தென்னைமரத்துக்காகப் பதினேழு வருஷம் முகம் பார்க்காமல் இருந்த சித்தப்பன் மகனை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து தேரியின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பம்பாயில் கடை வைத்துக் கவிழ்ந்துபோன பங்காளிகளுக்குப் போக வர டிக்கெட் போட்டார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நல்ல கிராக்கி, காலையில் ஒரு வீடு மாலையில் ஒரு வீடு என்று மனிதர் இளைத்துப்போனார். லிங்கத்துரை ஒரு வேன் நிறைய ஆள் பிடித்து, ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் கூலியும் கொடுத்து வயிறெரியச் சொல்லிப் பார்த்தான், மணல் அசையவில்லை. கூலிக்கு வருகிறவன் கூலியைத்தான் பார்ப்பான். அது உள்ளே இருந்து வர வேண்டும், வேண்டியவர்கள் மேல்தான் வரும், அதிலும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் மேல் வருகிற மாதிரி வேறு யார்மேலும் வராது.

நிலம் கூடக் கூட ஊர் நீண்டது. பக்கத்து வடக்கூருக்கு மினிபஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் இருந்தது இரண்டு ஸ்டேஜ் ஆனது, கண்டக்டர் புது டிக்கெட் கட்டு வாங்கினார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால் மணி நேரம் முன்னால் கிளம்பின, மேற்குக் கடைசி வீடுகளுக்குக் கோயில் மணி கேட்காமல் போய் அவர்கள் பூசைக்குப் பாதியில் வந்தார்கள், தபால்காரர் சைக்கிள் போதாது என்று மனு எழுதினார், அதை ஆங்கிலத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வடக்கூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், தினமும் சாயங்காலம் தேரி மேட்டில் ஏறி நின்று, பிறந்த வீட்டு ஓடு நேற்றைவிட இன்று இன்னும் சிறிதாகத் தெரிகிறது என்று அழும். மாமியார்க்காரி வந்து, அழுதது போதும் வந்து அரிசி களை என்பாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமை தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம், ஆங்கிலத்திலும் தமிழிலும் மனப்பாடம். பங்குச்சாமியார் மூன்று ஜெபமாலை அபராதம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் இருமி, கோயிலுக்குப் பின்னால் தேரியில் புனித அந்தோணியார் பேரில் இரண்டு ஏக்கர் இருக்கிறது, போகிற வழியில் பாவமாக இல்லாமல் சும்மா அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். பார்த்தேன். கால் சென்ட் கூடவில்லை. அந்தோணியாரிடம் எனக்கு என்ன பொறாமை?

ஜெயசீலியிடம் இருந்தது. ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு. கேட்டுக்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டி, தொட்டிக்குப் பிறகு ஒரு மொபெட், மொபெட்டில் அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு என் வாசல் வழியாகப் போகிற வேகம். அதுகூடப் பரவாயில்லை, கம்பெனியின் சென்னைக்காரப் பையன் காரில் வந்து இறங்கி, என்னிடம் வழி மட்டும் கேட்டுவிட்டு, அவளிடம் போய்க் குனிந்து “மேடம்” என்றான். மேடம். எங்கள் கான்வென்டில் கெமிஸ்ட்ரி டீச்சரைத்தான் நாங்கள் மேடம் என்போம். அவளுக்கு அந்தச் சொல் என்ன என்றே தெரியாது, அந்தப் பையன் தன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டான் என்று பதறி, “எம் பேரு ஜெயசீலி தம்பி” என்று திருத்தியிருக்கிறாள். அன்று ஒரே நாளில் இரண்டு ஏக்கர். மாசானமுத்து கம்பியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

இப்போது பத்தொன்பது ஏக்கர்.

இதே சமயத்தில்தான் எங்கள் கிணறு உப்பானது. முதலில் வாழை இலையின் ஓரம் கருகியது, நோய் என்று மருந்தடித்தோம்; பிறகு குருத்து கருகியது; ஒரு நாள் என் வீட்டுக்காரர் மோட்டார் குழாயில் கையேந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, மீதித் தண்ணீரை வரப்பில் மெதுவாக ஊற்றிவிட்டு, மோட்டாரை நிறுத்தினார். கடல் மண்ணுக்கு அடியிலேயே நடந்து வந்துவிட்டது என்றார்கள். மூன்று தரம் வாழை வைத்தோம், மூன்று தரமும் போயிற்று. அவருக்கு அறுபத்திரண்டு வயது, வாழையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மிஞ்சியது தேரியில் அந்த நான்கு கல்லுக்கு உட்பட்ட ஒன்றரை ஏக்கர். கம்பெனி ஒரே துண்டாக இரண்டு ஏக்கருக்குக் குறைந்து எதையும் வாங்காது. திங்கட்கிழமை அளந்து, மறுநாளே சுற்றி வேலி போட்டுவிடுவார்கள். வேலிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட துண்டுக்குப் பாதை கிடையாது, அதற்கப்புறம் அதை யாரும் கேட்கமாட்டார்கள். அரை ஏக்கர். ஊர் முழுக்க நிலம் தோசைமாவு மாதிரி பொங்கி வழிய, எனக்கு வேண்டியது அரை ஏக்கர்.

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஆள் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் எல்லாருக்கும் என்மேல் பொறாமை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்காகத்தான் பாதிப் பேரோடு பேசுவதே இல்லை. ஒன்றரை ஏக்கருக்கு வாசலாக வளைவு கட்டி, ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை வைத்தேன். சித்திரை வெயிலில் காஞ்சிபுரம் பட்டும் ஒன்பது பவுன் சங்கிலியும் போட்டுக்கொண்டு எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஆடுகள் பார்த்தன. மருமகன் எங்களை ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிடுகிறார் என்று ஒரு பொய்யையும் அவிழ்த்துவிட்டு, நாற்பது பேரைக் கூப்பிட்டு அங்கேயே பந்தல் போட்டு மட்டன் பிரியாணி போட்டேன். வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், கை கழுவுகிற இடத்தில், பாவம், கிணறு உப்பாயிட்டாம்லா, இருந்தும் மனசு பாத்தியளா, என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் மாசானமுத்து குத்திப் பார்த்தார். ஒரு ஏக்கர் நாற்பத்தாறு சென்ட். அவர் என் முகத்தைப் பார்த்தார், நாற்பத்தைந்து ஆனது.

பரிதாபப்பட்டால் நிலம் சுருங்கும் என்பது அதுவரை ஊருக்குத் தெரியாது, ஏனென்றால் இந்த அமளியில் பரிதாபத்துக்கு யாரும் அகப்படவில்லை, நான்தான் முதல். எதிலும் முதலாவதாக வர வேண்டும் என்று கான்வென்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். சுருங்கியதெல்லாம் வெளியே போய் மீதியில் சேர்ந்தது, மீதி யாருடையது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்காரன் என்னக்கா சோர்ந்திருக்கிய என்று கேட்டால் சண்டைக்குப் போனேன். அப்படியும் சுருங்கியது; தினம் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் இரண்டு சென்ட், மூன்று சென்ட். வெள்ளிக்கிழமை, முருங்கைக்காயை வைத்துவிட்டு ஜெயசீலி போன பிறகு, லிங்கத்துரை வந்து ஒரு ஏக்கர் பன்னிரண்டு என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறரை மணி அவள் வீட்டு ஜெபமாலை நேரம். நான் மீனை அப்படியே போட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் தேரிக்கு நடந்தேன்.

என் வளைவுக்குக் கீழே நான் நின்றேன். என் நிலத்துக்கு அந்தப்பக்கம், மேற்கு எல்லைக் கல்லை ஒட்டி, கொல்லாமர நிழலில் அவள் நாற்காலி போட்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது ஏக்கர் வந்தும் அந்த ஆடுகளை விற்கவில்லை. நடுவில் இருநூறு அடிக்கு மேல் மணல். அவள் நிலத்தில் கால் வைக்க எனக்கு இஷ்டமில்லை, என் நிலத்தின் நடுவில் போய் நிற்கவும் பயமாக இருந்தது, அதனால் கத்தினேன். ஜெபமாலையில் எங்களுக்காக வேண்டுகிறாயா என்று கேட்டேன்.

அவளும் எழுந்து நின்று கத்தினாள். ஒங்க கிணத்துக்காகத் தினமும் மாலையில் பத்து மணி உருட்டி வேண்டுகிறேன், அத்தானுக்காகப் பத்து, ஒங்க மூட்டுக்காகப் பத்து.

வேண்டாதே என்றேன். எங்களை நினைக்காதே, எங்களுக்காக உச்சுக்கொட்டாதே, எங்கள் பேரை மாதாவிடம் சொல்லாதே.

“எப்படிக்கா நினைக்காம இருக்கது?” என்றாள். கல் ஒரு பத்தடி என் பக்கம் வந்தது. மணல் சரசரவென்று வழிவிட்டது, ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. அவள் நாற்காலியை எடுத்துக் கல்லோடு கூட முன்னால் போட்டுக்கொண்டாள், அவளுக்கு இதெல்லாம் பழக்கம். ஒங்க தோட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய பிறகும் கேட்டது, ஏனென்றால் அதற்குள் அவள் பாதித் தூரம் கிட்டே வந்திருந்தாள்.

நான் கேட்டேன், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: என்மேல் உனக்கு ஒரு நாளும் பொறாமையே வந்தது இல்லையா, கல்லால் செய்த மனுஷியா நீ, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்?

அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது அவள் முகம்.

“இருந்துச்சுக்கா. பத்திரம் எழுதின அன்னைக்கு நீங்க பேனா பிடிச்ச பிடியப் பாத்து வந்துச்சு. பொறவு காலையில ஒங்க மோட்டாரு ஓடுத சத்தம் கேக்கும்லா, அப்ப இங்ஙன கெடந்து கபகபன்னு எரியும்,” என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். “நீங்க சேல தந்தா, அதக் கட்டும்போது இன்னும் எரியும். ஒரு ஆறு வருசம் அப்படி இருந்துச்சு. அவுக போன பொறவும் இருந்துச்சு. பொறவு ஒரு நாள் பாத்தா இல்ல. எங்க போச்சுன்னு நானும் தேடல.”

ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் என் ஒன்றரை ஏக்கர் எவ்வளவு இருந்ததோ. பத்து ஏக்கரோ, இருபதோ, ஒருவேளை கடல்வரைக்கும் போயிருக்குமோ, அளக்க ஒரு ஆள் இல்லை, நானும் ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வாழைக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தேன். அது தானாக வளர்ந்து, தானாகக் கிடந்து, தானாகச் சுருங்கியிருக்கிறது. நான் சேலைத்தலைப்பில் மூக்கைச் சிந்தினேன், அதை அவள் பார்த்துவிட்டாள், கல் இன்னொரு ஐம்பதடி வந்தது.

இப்போது கத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு முற்றத்தின் இரண்டு பக்கத்தில் நிற்கிறவர்கள் பேசுகிற தூரம்தான் இருந்தது. அழாதே என்றேன். நான் அழலியே, நீங்கதான் அழுதிய என்றாள். என் சங்கிலியை எடுத்து வெளியே போட்டுக் காட்டினேன், எனக்குப் புருஷன் இருக்கிறான் என்றேன், பேரன் இங்கிலீஷில் பேசுகிறான் என்றேன், கர்ப்பப்பையைத் தவிர எந்த ஆபரேஷனும் செய்யாத உடம்பு என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாக்கா, நல்லா இருக்கட்டும்க்கா, ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்றாள், மனதார, மனதார, அந்த மனதில் துளி விஷம் இல்லை, ஒவ்வொரு ஆசீர்வாதத்துக்கும் மணல் பத்தடி எடுத்து வைத்தது. கடைசியில் அவள் நாற்காலியின் முன்கால் என் வளைவின் நிழலுக்குள் வந்துவிட்டது. அவள் முகத்தில் வெயிலில் வந்த தேமல்கூடத் தெரிந்தது. கிட்டத்தில் பார்த்தால் அவளுக்கும் வயதாகியிருந்தது.

நான் மணலில் உட்கார்ந்தேன். பட்டப்பகலில், என் வளைவுக்கு அடியில், அவள் காலுக்குப் பக்கத்தில். இந்த ஊரில் நான் யாரிடமும் ஒரு கரண்டி சீனிகூடக் கடன் கேட்டது கிடையாது.

“ஜெயசீலி,” என்றேன், “அது எங்கயும் போயிருக்காது. நல்லாத் தேடிப் பாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கல் என் சேலைத்தலைப்பைத் தொட்டு நின்றது.

“ஒரு கைப்பிடி இருந்தாப் போதும்ட்டி. திங்கக்கிழமை வரைக்கும்தான் கேக்கேன். என்னப் பாத்து ஒரே ஒரு தடவ வயிறெரியேன்.”